கொலை வழக்கில் குடும்பம் எந்த மனுவை எப்போது போடுவது?

கேள்வி: திருமணமாகாத என் தம்பி ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு தகராறில் கொல்லப்பட்டான். புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். நேரில் பார்த்த சாட்சி எங்கள் அப்பா, வயது 64. ஸ்டேஷனில் கேட்டால் ‘விசாரணை நடக்குது’ என்பதோடு சரி. எதிர்த்தரப்பு ஆட்கள் அப்பாவை வழியில் மறித்துப் பேசுகிறார்கள். நாங்கள் ஏதாவது மனு போட வேண்டுமா? அதற்குக் கடைசி நாள் உண்டா?

பதில்: வழக்கு காலாவதியாகிவிடும் என்ற பயம் வேண்டாம். மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உள்ள சிறிய குற்றங்களுக்குத்தான் அந்தக் கெடு. கொலைக்குக் கிடையாது.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புகார்தாரர் நீங்கள் இல்லை. கோப்பில் உங்கள் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால், வழக்கில் என்ன நடந்தாலும் கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் ‘தகவல் கொடுத்தவருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்கு’ போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர்கள் முடித்துக்கொள்ளலாம். போலீஸ் வழக்கைக் கைவிட்டு அறிக்கை போட்டாலும் இதே கதைதான். அதை ஏற்பதற்கு முன் புகார்தாரருக்குக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் புகார்தாரராக இல்லாத உறவினருக்கு நோட்டீஸ் உரிமை இல்லை. அந்த அறிக்கையை நடுவர் எடுக்கும் நாளில் தாமாக வந்து நின்றால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நாளே தெரியாதவர் எப்படி வந்து நிற்பார்?

ஆகவே முதல் வேலை, ஒரு பக்கக் கடிதம். சட்டத்தில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதில் சட்டப்படியான வாரிசும் அடக்கம். தம்பி திருமணமாகாதவர் என்பதால் அம்மா இருந்தால் அவர் பெயரில் கொடுங்கள். உங்கள் பெயரில் கொடுத்தால் ‘நீங்கள் வாரிசா?’ என்ற கேள்வி வரும். எஃப்.ஐ.ஆர் எண், முகவரி, கைபேசி எண் எழுதி, எல்லா நோட்டீஸும் தகவலும் எங்களுக்கும் வர வேண்டும் என்று கேளுங்கள். விசாரணை அதிகாரிக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு ஒன்று. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், ஐந்து மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். கொலை வழக்கில் கைதானவர் காவலில் 90 நாட்கள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருக்கு உரிமையாகிவிடும். எனவே குற்றப்பத்திரிகை ஏற்கெனவே தாக்கலாகியிருக்கவும் கூடும், ஆட்கள் வெளியே வந்திருக்கவும் கூடும். வழக்கு நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையத்தையும் எஃப்.ஐ.ஆர் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். தமிழ்நாட்டில் நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. எண் (முதற்கட்டப் பதிவு எண்) விழும், அமர்வு நீதிமன்றத்துக்குப் போனதும் அது எஸ்.சி. எண்ணாக (அமர்வு வழக்கு எண்) மாறும். பலர் பழைய எண்ணை வைத்துக்கொண்டு ‘வழக்கே நகரவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜாமீன் மனு நிலுவையில் இருந்தால் இடையீட்டு மனு (எங்களையும் கேளுங்கள் என்ற மனு) போட்டு எதிர்க்கலாம். அந்தக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 60 வயது தாண்டியவரை விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது; வீட்டுக்கு வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் அவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை. கேட்டால் மறுக்கலாம். நடுவர் முன்பு அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். இவ்வளவு பெரிய குற்றத்தில் போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும்.

வழிமறித்துப் பேசுவதைச் சாதாரணமாக விடாதீர்கள். பொய் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 232-ஆம் பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். தேதி, இடம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். அதை இணைத்து, 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதை முடிவு செய்யும். டி.எஸ்.பி. நிலை அதிகாரி ஐந்து வேலை நாட்களுக்குள் அச்சுறுத்தல் அறிக்கை தர வேண்டும். அது வந்து ஐந்து வேலை நாட்களுக்குள் உத்தரவு வர வேண்டும். வீட்டருகே ரோந்து முதல் கோர்ட்டுக்குப் பாதுகாப்போடு கூட்டிப் போய் வருவது வரை கேட்கலாம். ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான் பாதுகாப்பு. அது முடிவதற்குள் நீட்டிப்பு கேட்க மறக்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே நாள் நெருக்குவது அரசுத் திட்டத்தில் கிடைக்கும் இழப்பீட்டில்தான். தீர்ப்பு வந்த பிறகே கேட்க முடியும் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். இடைக்கால நிவாரணத்துக்கு அதற்கு முன்பே வழி உண்டு. குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் மனுப் போடலாம். கெடு ஒவ்வொரு மாநிலத் திட்டத்திலும் வேறுபடும். ஐந்து மாதம் போய்விட்டதால் இந்த வாரமே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுவைக் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். (கொல்லப்பட்டவர் பெண்ணாக இருந்தால் 2018 தேசியத் திட்டத்தில் மூன்று ஆண்டு வரை அவகாசம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய்.) பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதால் அம்மா அங்கேயே ஒருவரைக் கேட்கலாம். சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை தொடங்கியதும் நீதிமன்ற அனுமதியுடன் உங்கள் வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், எழுத்துப்பூர்வ வாதம் தரலாம். குறுக்கு விசாரணை அவர் செய்ய முடியாது.

விடுதலைத் தீர்ப்பு வந்தால், அரசு மேல்முறையீடு செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அரசுக்கு 90 நாட்கள் உண்டு. உங்களுக்குச் சொந்தமாகவே மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, உயர் நீதிமன்றத்தின் முன் அனுமதியும் தேவையில்லை. அந்த உரிமையைத் தரும் சட்டப் பிரிவில் நாள் கணக்கு தனியாகச் சொல்லப்படவில்லை. என் ஆலோசனை, 30 நாட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு நாளன்றே நகல் மனுப் போட்டுவிட்டால், நகல் கைக்கு வரத் தயாராகும் வரை ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது.