ஊசி, மாத்திரை, கையெழுத்து: நர்ஸம்மாவிடம் சில கேள்விகள்

குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி பக்கத்துக்காரர்கள் ஹார்மோன் கருத்தடை பற்றியும் அதற்கான சம்மதம் பற்றியும் கேட்டவற்றுக்கு, ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பதில் சொல்கிறார். பெயர்களை விட்டுவிட்டோம்.

பேரணாம்பட்டு, பீடி சுற்றும் பெண், 24 வயது: குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் எனக்கும் அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டார்கள். இரண்டு மாதமாகக் கறை பட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்பு சூடு என்கிறார் மாமியார். ஊசியை எப்படி முறிப்பது?

முறிக்க முடியாதும்மா. அதை ஊசி போடுவதற்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம், கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்றால் எடுத்துவிடலாம். அந்தரா உள்ளே போய்விட்டால் மூன்று மாதத்துக்கு அது தன் வேலையைப் பார்க்கும்.

அதில் இருப்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். கருமுட்டை வெளிவருவதை நிறுத்தும், கருப்பையின் உள்சவ்வை மெலிதாக்கும். மெலிந்த சவ்வு ஒழுங்காக உதிராமல் அங்கங்கே கசிகிறது, அதுதான் இந்தக் கறை. முதல் சில மாதங்களில் இது சகஜம். ஒரு வருஷம் தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும். அப்போது கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டது என்று யாராவது பயமுறுத்துவார்கள். உதிரச் சவ்வே வளராதபோது எது தங்கும்? சூடு விஷயம்... அக்னி நட்சத்திரத்தில் வேலூர் ஜில்லாவில் யாருக்குத்தான் உடம்பு சூடு இல்லை!

ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனாலோ, எட்டு நாளுக்கு மேல் கொட்டினாலோ, தலை சுற்றினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். கறையை மட்டுப்படுத்த டாக்டர் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுப்பார்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கிலோ எடை கூடலாம். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்திய பிறகு பெரும்பாலும் திரும்பி வரும். அமெரிக்காவில் 2004-லேயே இதற்காக ஊசிப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். வருஷக்கணக்கில் போட்டவர்களிடம் மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி சற்று அதிகம் என்று 2024-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. மிக அபூர்வம்தான், இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் இந்த ஊசியே போதும் என்று சொல்லும் பெண்கள் நிறைய. மாமியார் கண்ணில் படாது, தினமும் நினைவு வைக்க வேண்டாம். அப்படித் தோன்றினால் அட்டையில் எழுதிய தேதிக்குப் போங்கள். இரண்டு வாரம் முன்னாலும் நாலு வாரம் பின்னாலும் போடலாம். போட்ட இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால் போகாதீர்கள், யாரும் உங்களைக் கேட்க முடியாது.

ஆம்பூர், ஷூ கம்பெனி, 31 வயது: மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். முதலில் குமட்டல் இருந்தது, சரியாகிவிட்டது. இப்போது ஒற்றைத் தலைவலி. வலி வருமுன் கண்ணில் வளைவு வளைவாக மின்னுகிறது. தையல் மிஷினில் ஊசி தெரிவதில்லை.

மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வெறும் தலைவலி என்றால் இரண்டு மாதம் பார்க்கலாம் என்பேன். கண்ணில் மின்னி, பார்வை மறைந்து, பிறகு வலி வருவது வேறு. அதை ‘ஆரா’ உள்ள ஒற்றைத் தலைவலி என்பார்கள். அவர்களுக்கு மாலா-என் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரை பக்கவாதத்துக்கு வழி வைக்கும். பி.பி. பார்த்தார்களா? 140/90-க்கு மேல் இருந்தாலும் இந்த மாத்திரை கூடாது. 35 வயதைத் தாண்டிப் புகை பிடிப்பவர்களுக்கும் கூடாது. டாக்டரைப் பாருங்கள். அதுவரை நிரோத் ஆணுறை. பிறகு காப்பர்-டி, அல்லது சாயா. சாயா ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று.

அதே ஊர், இன்னொருவர்: மாத்திரை போட்டால் ரத்தம் உறையுமாமே?

உறையலாம், குறைவானவர்களுக்கு. மாத்திரை போடாத பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக் கட்டி வரும். போடுபவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பிரசவமான முதல் வாரங்களில் அதைவிடப் பல மடங்கு. முழுக் கணக்கையும் சொல்லாமல் “உறையும்” என்று மட்டும் சொல்வதும் ஏமாற்றுதான், “ஒன்றும் ஆகாது” என்பதும் ஏமாற்றுதான். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காட்பாடி பக்கம், 22 வயது: பிரசவ மேஜையிலேயே எனக்குக் காப்பர்-டி வைத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில்தான் தெரிந்தது. கேட்டால், “உங்கள் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்” என்கிறார்கள்.

காப்பர்-டி-யில் ஹார்மோன் இல்லை. இருந்தாலும் உங்கள் கேள்விதான் இங்கே பெரிய கேள்வி.

அம்மா போட்ட கையெழுத்து செல்லாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. சோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, விவரம் தெரிந்த பெரியவருக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதிக்க முடியாது என்றது தீர்ப்பு. என்ன செய்யப் போகிறார்கள், என்ன தொந்தரவு வரலாம், வேறு வழி என்ன என்பதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தும் முறையான சம்மதம் ஆகாது.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைப்பது நல்ல முறைதான். நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் அதைப் பேச வேண்டிய இடம் கர்ப்ப காலப் பரிசோதனை. இடுப்பு வலியில் கத்திக்கொண்டிருக்கும் பெண் முன் தாளை நீட்டினால், சொத்தையே எழுதிக் கேட்டாலும் போட்டுக் கொடுப்பாள்.

இப்போது செய்ய வேண்டியது: வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. “மூணு வருஷம் இருக்கட்டும்” என்று திருப்பி அனுப்பினால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. இருக்கட்டும் என்று நீங்களே முடிவு செய்தால் அதுவும் சரி.

கம்மவான்பேட்டை: கணவர் ராணுவத்தில். லீவில் வரும்போது மட்டும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். மாதவிடாய் வந்த ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பலன் உண்டு, இல்லாவிட்டால் ஏழு நாள் ஆகும். அவர் எந்த ரயிலில் வருகிறார் என்பது உங்கள் மாதவிடாய்க்குத் தெரியாது. ரத்தக் கட்டி அபாயமும், புதிதாகவோ விட்டுவிட்டோ ஆரம்பிக்கும் முதல் மாதங்களில்தான் கூடுதல். ஒவ்வொரு லீவுக்கும் அதை முதலிலிருந்து ஆரம்பிப்பானேன்? நிரோத் போதும், அல்லது காப்பர்-டி.

குடியாத்தம்: கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறோம். அதுவும் கருத்தடையா?

இல்லை, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வைகாசி பிறக்கும் முன்னால் நம் ஊர் மெடிக்கல்களில் இது கடலை மிட்டாய் மாதிரி போகும். நோரெத்திஸ்டெரோன் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். இந்த அளவில் அதில் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். அதனால் ரத்தக் கட்டி வந்தவர்களும், ஆரா தலைவலிக்காரர்களும் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. பக்கத்து வீட்டு அட்டையில் மிச்சம் இருந்தது என்று போடுவதும் வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்பது என் சொந்த அபிப்பிராயம், மருத்துவம் அல்ல.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர், அணைக்கட்டு: எல்லாப் பக்கவிளைவையும் சொன்னால் ஒருத்தரும் ஊசிக்கு வரமாட்டார்களே அக்கா?

எனக்கும் முதலில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நடப்பது தலைகீழ். மெக்சிகோவில் இதே ஊசி போட வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தப்போக்கு எப்படி மாறும் என்று முன்கூட்டியே விளக்கினார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான பேச்சு மட்டும். 2001-இல் வெளியான முடிவு: விளக்கம் கேட்டவர்களில் ஒரு வருஷத்துக்குள் விட்டவர்கள் 17 சதவீதம், மற்றவர்களில் 43. சொல்லாமல் போட்டால் கறை பட்ட அன்றே தெரு முழுக்கப் பேச்சாகிவிடும், அடுத்த பத்துப் பேரும் வரமாட்டார்கள்.

நான்கு விஷயம் சொல்: மாதவிடாய் எப்படி மாறும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், வேண்டாம் என்றால் எப்படி விடுவது, வேறு என்ன இருக்கிறது. அப்புறம் அவளையே திருப்பிச் சொல்லச் சொல். மாமியாரைக் கொஞ்சம் வெளியே உட்காரவை.

ஒரு கணவர், வாலாஜா: மனைவி ஊசி போட, ஆபரேஷன் செய்ய என் கையெழுத்து வேண்டாமா?

வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் துணைவர் சம்மதம் தேவையில்லை என்றுதான் அரசு வழிகாட்டுதல். நீங்கள் செய்துகொண்டால் அவர் கையெழுத்தும் வேண்டாம். ஆண்களுக்கான ஆபரேஷன் சின்னது, சீக்கிரம் வீடு திரும்பலாம். கேட்டதால் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை: டி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். மாலா-என் போடலாமா?

டி.பி. மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருக்கும்வரை கூடாது, கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கும் இதே பதில். அந்தரா, காப்பர்-டி போடலாம். டி.பி. மாத்திரையை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.