உடலை வருத்தாத பயிற்சி, மனத்தை விரட்டாத கவனம்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

மிதமான உடற்பயிற்சி, மன அழுத்தம், தியானம் ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே இடம்பெறுகின்றன. கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 42. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. மாலையானால் கழுத்தும் தோள்களும் இறுகிவிடுகின்றன, நெஞ்சு படபடக்கிறது. இதயத்தில் குறை எதுவும் இல்லை என்று பரிசோதனைகளைப் பார்த்த மருத்துவர் கூறிவிட்டார். தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்கள். என்னால் மூவாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. அதை எண்ணியே மேலும் சோர்ந்துபோகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இதயத்தை முதலில் பரிசோதித்துக்கொண்டது மிகச் சரியான செயல். அடுத்ததாக, பத்தாயிரம் என்ற எண்ணை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலேயே இந்த எண் இருந்தது. உலகெங்கும் அது பரவியது அதன் பிறகுதான். மருத்துவ ஆய்வு எதுவும் அதை அளந்து தரவில்லை. மூத்த பெண்களை ஆராய்ந்து ஐ-மின் லீ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பயன் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் வயதினருக்கு அதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், மிகக் குறைவாக நடப்பவர்கள் சிறிது கூட்டிக்கொள்ளும்போதுதான் கிடைக்கும் பயன் பெரிதாக இருக்கிறது என்பதை அந்த ஆய்வு மட்டுமன்றி வேறு பல ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே உங்கள் மூவாயிரம் வெட்கப்பட வேண்டிய எண் அன்று. அதனோடு ஐந்நூறைச் சேர்த்து இரண்டு வாரங்கள் நடந்து பாருங்கள்.

இனி, தோள் இறுக்கத்துக்கும் படபடப்புக்கும் வருகிறேன். ஆபத்தை உணரும் உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை வால்டர் கேனன் என்னும் உடலியல் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கினார். அட்ரினலின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, மூச்சு மேலெழும்புகிறது, தசைகள் இறுகுகின்றன. இவை அனைத்தும் அசைவதற்கான ஏற்பாடுகள். கடுமையான மின்னஞ்சல் ஒன்றைப் படிக்கும்போதும் ஏறத்தாழ இதே ஏற்பாடுகள் நடக்கின்றன. ஆனால் அசைவு மட்டும் நிகழ்வதில்லை, நாற்காலியிலேயே இருந்துவிடுகிறோம். நாள் முழுவதும் இப்படி ஆயத்தமாகி ஆயத்தமாகித் தளர வழியில்லாத தசைகளே மாலையில் வலிக்கின்றன. இதனால்தான் நான் உடலுக்கொரு பயிற்சி, மனத்துக்கொரு பயிற்சி என்று பிரித்துச் சொல்வதில்லை. நெருக்கடியான ஒரு கூட்டம் முடிந்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடப்பது உடலுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு மனத்துக்கும் தேவை.

அதற்கென உடற்பயிற்சிக்கூடம் வேண்டியதில்லை. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு முதலிய இதயநோய்கள் குறைவாக இருந்தன. அவர்கள் செய்தது உடற்பயிற்சி என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பைச் செய்யுமாறு கூறுகிறது. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்த பழைய நிபந்தனையை அது கைவிட்டுவிட்டது. எனவே மூன்று நிமிடம் படியேறியதும் கணக்கில் சேரும். மிதம் என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது.

மேசையருகே செய்யத்தக்க ஒன்றையும் சொல்கிறேன். எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த தசைத் தளர்வு முறையின் ஒரு பகுதி இது. மூச்சை உள்ளிழுத்தபடி இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி ஐந்து விநாடிகள் மிதமாக இறுக்குங்கள்; பிறகு மூச்சை விட்டபடியே தோள்களை முழுவதுமாகத் தளர விட்டு, இருபது விநாடிகள் அந்தத் தளர்ச்சியை மட்டும் கவனியுங்கள். இப்படி மூன்று அல்லது நான்கு முறை போதும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உணரக் கற்றுக்கொள்வதுதான் இதன் உயிர்நாடி. அதை உணரப் பழகியவர், தோள் உயரத் தொடங்கும்போதே, வலி வரும்வரை காத்திராமல், அதைத் தாழ்த்திவிடுவார். ஒரே ஒரு வேண்டுகோள்: இந்த இடைவேளையில் கைப்பேசியை எடுக்காதீர்கள். எடுத்தால் கண்ணும் கழுத்தும் மனமும் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பிவிடுகின்றன.

கேள்வி: மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் கவனத் தியானத்தைப் பலமுறை முயன்றுவிட்டேன். கண்ணை மூடி அமர்ந்தால் எண்ணங்கள் அடங்குவதற்குப் பதிலாகப் பெருகுகின்றன. எனக்குத் தியானம் வராது என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், ஆனால் எதை எதிர்பார்த்து அமர்கிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணங்கள் பெருகியதாகத் தோன்றுவது பெரும்பாலும் உண்மையில் பெருக்கம் அன்று. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவை அமைதியாக அமர்ந்த பிறகே கண்ணில் படுகின்றன. மேத்யூ கில்லிங்ஸ்வர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு அளவுக்கு மக்களின் மனம் கையிலுள்ள வேலையை விட்டு வேறெங்கோ அலைகிறது என்றும், அப்படி அலையும்போது அவர்களின் மகிழ்ச்சி குறைந்திருந்தது என்றும் கண்டறிந்தனர். அலைவது மனத்தின் இயல்பு. நாம் பயிலவேண்டியது அலையாமையை அன்று, அலைந்ததை அறிந்து சினமின்றித் திரும்பி வருவதை. பத்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் விலகி, ஐம்பது முறை நீங்கள் திரும்பி வந்திருந்தால், ஐம்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்றே பொருள். அந்தப் பத்து நிமிடத்தைத் தோல்வி என்று எழுதி வைத்துக்கொள்வது உங்களுக்கு நீங்களே இழைக்கும் அநீதி.

அசையாமல் அமர்ந்துதான் பழக வேண்டும் என்பதுமில்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்ற நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில், அமர்ந்து செய்யும் தியானத்தோடு மென்மையான யோகாசனங்களும், படுத்தபடி கால் விரலிலிருந்து தலைவரை உடலின் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் கவனிக்கும் பயிற்சியும் இடம்பெற்றன. உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது நடையைத்தான், ஏனெனில் நடக்கும்போது கவனத்துக்குப் பிடித்துக்கொள்ள உறுதியான ஒன்று இருக்கிறது. பாதுகாப்பான ஓரிடத்தில் வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக நடந்து, குதிகால் தரையைத் தொடுவதையும், எடை முன்பாதத்துக்கு நகர்வதையும், விரல்கள் தரையை விட்டு எழுவதையும் கவனியுங்கள். மனம் நாளைய வேலைக்குப் போய்விட்டால், போனது என்று மட்டும் அறிந்து அடுத்த அடிக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் போதும். இந்த வகைத் தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. எல்லாத் துன்பத்தையும் நீக்கிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. சில வாரங்கள் தொடர்ந்து செய்த பிறகே இது உங்களுக்குப் பயன்படுகிறதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. முழங்கால் தேய்மானம் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நடந்தால் மூட்டு இன்னும் தேயும் என்று அஞ்சி உட்கார்ந்தே இருக்கிறார். எரிச்சலும் தூக்கமின்மையும் கூடிவிட்டன. அவருக்கு எந்தப் பயிற்சி ஏற்றது?

பதில்: உங்கள் தந்தையின் அச்சம் பலருக்கும் இருப்பதே, ஆனால் அந்த அச்சமே மூட்டை மேலும் பலவீனமாக்குகிறது. மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. அசையும்போது அழுந்தியும் விரிந்தும் மூட்டுத் திரவத்திலிருந்தே அது தன் ஊட்டத்தைப் பெறுகிறது. அதோடு, உட்கார்ந்தே இருந்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலிந்து, அது தாங்கவேண்டிய சுமையும் மூட்டின் மேலேயே விழுகிறது. அதனால்தான் முழங்கால் தேய்மானத்துக்கான சிகிச்சையில் உடற்பயிற்சி முதல் வரிசையில் வைக்கப்படுகிறது.

அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை கலந்து பேசிய பிறகு, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டுத் தொடங்குங்கள். அமர்ந்தபடி ஒரு காலை நீட்டி ஐந்து விநாடிகள் நிறுத்தி இறக்குவது. தேவையானால் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து மெதுவாக அமர்வது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றையும் எட்டு முறை செய்தால் தொடக்கத்துக்குப் போதும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சியைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது, கீழே விழுவதைத் தடுப்பதற்காக. மெதுவான அசைவும் முழுக் கவனமும் ஒன்றாகச் சேர்ந்த தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சி இதற்கு மிகவும் ஏற்றது. முழங்கால் வலியையும் அது குறைக்கிறது. பயிற்சியின்போது லேசான வலி இருப்பதில் தவறில்லை. அது மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ, மூட்டு வீங்கினாலோ, அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இரத்த அழுத்தம் தொடர்பாக இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு முயற்சி செய்தால் இரத்த அழுத்தம் சட்டென உயரும்; ஆகவே எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், மூச்சு தானாக ஓடும். அவர் எடுத்துக்கொள்ளும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்ததானால், எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதிகம் உயராது. நாடியை நம்பாமல், பேச முடிகிறதா என்பதைக் கொண்டே வேகத்தை அறிய வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ வலியோ, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, மயக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ தோன்றினால் உடனே நிறுத்தி அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

எரிச்சலைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வலிக்குமோ என்ற அச்சத்தில் வெளியே செல்வதையும் மனிதர்களோடு பேசுவதையும் விட்டுவிட்டவருக்குத் தூக்கமும் மனநிலையும் கெடுவது வியப்பன்று. அவருக்கு அறிவுரை கூறுவதைவிட, முதல் சில வாரங்கள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு அவருடன் நீங்களும் செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சிக்குக் காலை நல்லதா, மாலை நல்லதா?

பதில்: எந்த நேரத்தை உங்களால் தொடர்ந்து காப்பாற்ற முடியுமோ அந்த நேரம் நல்லது. காலை வெளிச்சத்தில் நடப்பது உடலின் தூக்க-விழிப்பு ஒழுங்குக்கு உதவுகிறது. மாலைப் பயிற்சியும் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடுமையான பயிற்சியை மட்டும் தவிர்த்து, மெதுவாகத் தசைகளை நீட்டும் அசைவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதற்றம் வரும்போது ஆழமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, பயம் இன்னும் கூடுகிறது. என்னிடம் ஏதேனும் கோளாறு இருக்கிறதா?

பதில்: உங்கள் விவரிப்பைக் காணும்போது, ஆழமாக மூச்சு விடும் முயற்சியில் தேவைக்கு மேல் காற்றை வேகமாக இழுத்து விடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலைசுற்றலும் விரல் மரப்பும் கரியமில வாயு குறைவதால் வருபவை. உங்களுக்கு வேண்டியது ஆழமான மூச்சு அன்று, மெதுவான மூச்சு. மூக்கின் வழியாக, வழக்கமான அளவு காற்றையே நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சுகள் அமையும். மூச்சு வெளியேறும்போது, இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. வெளிமூச்சை நீட்டுவதன் காரணம் இதுவே. எண்ணுவதே சிரமமாக இருந்தால் எண்ணாதீர்கள், வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருந்தால் போதும்.

மூச்சைக் கவனிப்பதே சிலருக்கு அச்சத்தைத் தூண்டும். கண்ணை மூடினால் பழைய துயர நினைவுகள் மேலெழுபவர்களும் உண்டு. அப்படியானால் கண்களைத் திறந்தே வைத்திருந்து, பாதங்கள் தரையில் பதிந்திருப்பதையும், அறையில் கேட்கும் ஒலிகளையும் கவனியுங்கள், அல்லது எழுந்து நடந்துவிடுங்கள். பயிற்சி துன்பத்தைக் கூட்டினால் அதை நிறுத்துவதில் குற்றவுணர்வு வேண்டாம்.

முன்பு பரிசோதிக்காத தலைசுற்றலும் மரத்துப்போதலும் ஆதலால், மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் மரத்தாலோ பேச்சு குழறினாலோ காத்திராமல் உடனே செல்ல வேண்டும். பதற்றமோ மனச்சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்துத் தூக்கத்தையும் அன்றாட வேலையையும் குலைத்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அன்றே, நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு செல்லுங்கள். இப்போது மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், தியானம் தொடங்கிவிட்டோம் என்று அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் செல்வதற்கு முன், பதற்றம் எந்த வேளையில் வந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். காரணத்தைக் கண்டறிய அந்தக் குறிப்பு அவருக்கு மிகவும் உதவும்.