உடம்புச் சூடு: வைத்தியர் பதில்கள்

வாய்ப்புண், கண் எரிச்சல். எல்லாரும் சூடு என்கிறார்கள். தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லையே? (கல்லூரி மாணவர்)

காட்டாது, தம்பி. அது அளப்பது காய்ச்சலை. நாம் சூடு என்று சொல்வது பித்தம் மிஞ்சியதன் குறிகளை: எரிச்சல், புளித்த ஏப்பம், சட்டென்று வரும் கோபம். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மணிவரை விழித்திருந்து, காலைச் சாப்பாட்டை விட்டு, மத்தியானம் காரமாகப் புரோட்டா சால்னா என்றால் எத்தனை இளநீர் குடித்தும் பயனில்லை. வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவில் தயிர்சாதம்தான் சாப்பிடுகிறேன். அது குளிர்ச்சிதானே?

தொட்டால்தான் குளிர்ச்சி, அம்மா. ஆயுர்வேதக் கணக்கில் தயிர் உஷ்ண வீரியம், அதாவது உள்ளே போய்ச் சூட்டைக் கிளப்பும் தன்மை. இரவில் தயிர் வேண்டாம் என்று பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையே சொல்கிறது. இதைச் சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும்! பகலில் புளிக்காத மோராக நீர்க்கக் கரைத்துக் குடியுங்கள். புளித்த மோரும் பித்தத்தைக் கிளப்பும். நெல்லிக்காய் இதற்கு நேர்மாறு: புளித்தாலும் சீத வீரியம், அதாவது குளிர்ச்சித் தன்மை; பித்தத்தைத் தணிக்கும். நாக்கை நம்பி முடிவு செய்ய முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கலாமா?

வீட்டு வழக்கில் அது குளிர்ச்சி, ஆயுர்வேத நூல்களில் உஷ்ணம். நான் தனியாவைத்தான் சொல்வேன். ஒரு பங்கு தனியாவை ஒன்றிரண்டாக இடித்து, ஆறு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குடியுங்கள். கொதிக்கவைக்கக் கூடாது. உள்ளெரிச்சலுக்கு நூல்கள் சொல்லும் 'ஹிமம்', அதாவது கொதிக்கவைக்காத ஊறல் நீர், இது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையை விட்டுவிடுங்கள்.

நல்லெண்ணெய் சூடு என்கிறார்கள். பிறகு ஏன் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்?

நல்ல கேள்வி. எள் உஷ்ணம்தான். ஆனால் வாரம் ஒருமுறை தேய்த்துக் குளிப்பதால் வறட்சி போகும், நல்ல தூக்கம் வரும். அந்தத் தூக்கத்துக்குப் பின் வரும் தெளிவைத்தான் 'சூடு தணிந்தது' என்கிறோம் என்பது என் எண்ணம். எரிச்சல் அதிகமுள்ளவர்கள் தேங்காயெண்ணெய்க்கு மாறலாம். காய்ச்சல், அஜீரணம் இருக்கும்போது எந்த எண்ணெயும் கூடாது.

சித்திரையில் நன்றாக இருந்தேன். புரட்டாசியில் உடம்பு எரிகிறது!

'புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்' என்பார்களே. மழைக்காலத்தில் சேரும் பித்தம், அதற்குப் பின் வரும் சரத் காலத்து வெயிலில் பொங்கும் என்பதுதான் ஆயுர்வேதக் கணக்கு. அந்த மாதங்களில் புளி, மிளகாய், ஊறுகாயைக் குறைத்து, பாசிப்பயறு, புடலை, பூசணி, சிறிது நெய் என்று சாப்பிடுங்கள். உச்சி வெயிலில் அலைய வேண்டாம்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரவில் குளிர் காய்ச்சல். சூடுதானே?

இல்லை. கிருமித்தொற்றாக இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நன்னாரி சர்பத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறுள்ள என் அப்பாவுக்கு தினமும் இளநீர் தரலாமா?

அவரைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம்.