தச்சுப்பட்டறை பதில்கள்: புகை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில் 200 லிட்டர் இரும்பு டிரம்மைக் கொண்டு என் மகன் ஒரு ஸ்மோக்கர் செய்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் கானாங்கெளுத்தியையும் கோழியையும் அதில் புகையில் வாட்டி எடுக்கிறோம். தட்டு, இடுக்கி, மசாலாக் கிண்ணம் ஆகியவற்றை வைக்கத்தான் இடமில்லை. டிரம்மில் இரண்டு எல் ஆங்கிளை மறையாணியால் முடுக்கி, சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் பலகை ஒன்றை அதன்மேல் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் தச்சர். செய்யலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: பலகை போடலாம், தச்சர் சொல்லும் முறையில் வேண்டாம். அந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ராயபுரத்தில் குடியிருந்த காலத்தில், டிரம்மைப் படுக்கவைத்து அறுத்த அடுப்பு ஒன்று எங்களிடம் இருந்தது. நல்ல தேக்குப் பலகையை அதன் வயிற்றோடு ஒட்டினாற்போல, கரியின் மட்டத்திலேயே முடுக்கி வைத்தேன். சில மாதங்கள் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது, இரும்பைத் தொட்டிருந்த விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் வறுபட்டிருந்தது; நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அது தீப்பிடிக்காமல் போனது என் நல்ல காலம்.

மரம் எரிவதற்குச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும் என்பதும், மீன் வாட்டும்போது டிரம்முக்குள் 105 முதல் 120 டிகிரிதான் இருக்கும் என்பதும் உண்மையே. ஆனால், வெப்பமானி காட்டுவது மீன் இருக்கும் மட்டத்துச் சூட்டைத்தான். கரி எரியும் மட்டத்தில் தகடு அதைவிட மிக அதிகமாகக் காய்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் காற்று புகுந்து கரி கனன்று, சொட்டிய கொழுப்பும் பற்றிக்கொண்டால் மேல்பகுதியும் காயும். மேலும், மரத்தை வாரக்கணக்கில் சூட்டிலேயே வைத்திருந்தால் அது மெல்ல மெல்லக் கருகும். கருகிய மரம் பற்றிக்கொள்ளப் கருகாத மரத்தைப்போல் அத்தனை சூடு தேவைப்படாது.

அடுத்த சிக்கல் டிரம் கவிழ்வது. உங்கள் டிரம் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று எழுதவில்லை, நிற்பதாகவே வைத்துக்கொள்கிறேன். வெறும் டிரம்மின் எடை சுமார் 20 கிலோ, விட்டம் சுமார் 58 செ.மீ. பலகையின் நடுப்பகுதி டிரம்மின் விளிம்பிலிருந்து 27 செ.மீ. தள்ளி இருக்குமானால், அங்கே 21, 22 கிலோ சுமை ஏறினாலே டிரம் அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிடும். கரியும் கம்பித்தட்டும் சேர்ந்தால் கணக்கு சற்று மாறலாம். ஆனால் பேச்சு சுவாரசியத்தில் ஒரு மாமா பலகையில் கையை ஊன்றிச் சாய்ந்தால், எரியும் கரியோடு டிரம் புரண்டுவிடும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள தகட்டில் மறையாணிக்குச் சரியான பிடிமானமும் கிடைக்காது; போட்ட துளைகளின் வழியே காற்று நுழைந்து, தீயைக் கட்டுப்படுத்தவும் முடியாமல் போகும்.

ஆகவே டிரம்மில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். டிரம் நிற்கும் இரும்பு ஸ்டாண்டிலிருந்து, வெல்டிங் பட்டறையில் சொல்லி, ஒன்றேகால் அங்குல ஆங்கிளில் இரண்டு தூண்களை எழுப்பச் சொல்லுங்கள். வெல்டிங் நடக்கும்போது டிரம்மை இறக்கி வைத்துவிடுங்கள். தூண்களின் உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கட்டும். பலகையின் உள்விளிம்பு அந்தச் சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்க வேண்டும். வெளிவிளிம்பை அதற்கென்றே உள்ள இரண்டு கால்கள் தரையில் தாங்க வேண்டும். அப்போது யார் சாய்ந்தாலும் சுமை தரைக்குப் போய்விடும். மழை வந்தால் பலகையை மட்டும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். தரையிலிருந்து 33 அங்குல உயரம் நின்று வேலை செய்ய வசதியாக இருக்கும்; டிரம்மே சுமார் 88 செ.மீ. உயரம் என்பதால் மூடியைத் திறக்கவும் பலகை இடைஞ்சல் செய்யாது.

டிரம்முக்கும் மரத்துக்கும் இடையே, மிக நெருங்கி வரும் இடத்தில்கூட, இரண்டரை அங்குலம் வெற்றிடம் விடுங்கள். டிரம்மின் உருண்டைக்கு ஏற்ப விளிம்பை வில்போல் வளைத்து வெட்டித் தரட்டுமா என்று தச்சர் ஆசையோடு கேட்பார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் விளிம்பு முழுவதும் சூட்டுக்கு அருகில் வந்துவிடும். நேர்விளிம்பாக விட்டால் நடுப்பகுதி மட்டுமே அருகில் இருக்கும். அந்த இடைவெளியின் நடுவில் ஒரு அலுமினியத் தகட்டை, மேலும் கீழும் திறந்திருக்கும்படி தொங்கவிட்டால், சூடான காற்று மேலே போய்விடும். முதல்முறை இரண்டு மணி நேரம் அடுப்பை எரித்துவிட்டு, உள்விளிம்பில் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லையென்றால் இன்னும் ஓர் அங்குலம் தள்ளுங்கள்.

பிளைவுட்டையும் சன்மைக்காவையும் அடுக்களைக்கு விட்டுவிடுங்கள். சன்மைக்காவை ஒட்டும் வெள்ளைப் பசை சூட்டில் இளகும், மழையில் ஓரம் கிளம்பும். மரவாடியில் வைரம் பாய்ந்த தேக்கைக் கேட்டு, வெள்ளைப் பகுதி இல்லாமல் பொறுக்கி எடுங்கள். 3 அங்குல அகலம், 1 அங்குல கனம், 2 அடி நீளத்தில் ஐந்து பட்டைகள். அடியில் குறுக்காக 2 அங்குல அகலத்தில் இரண்டு சட்டங்கள். இவ்வளவுக்கும் இழைப்பதற்கு முன் கால் கன அடி மரம் போதும். எடையும் நாலரை கிலோவை ஒட்டியே வரும். பட்டைகளுக்கிடையே இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி விட்டால் மொத்த அகலம் 16 அங்குலமாகும். அகலம் முழுவதையும் ஒரே பலகையில் எடுத்தால், ஐப்பசி மழையில் ஊதியும் அக்னி நட்சத்திரத்தில் சுருங்கியும் அது வளைந்து வெடிக்கும். பட்டைகளாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் அசைந்துகொள்ளும், தண்ணீரும் வழிந்து போய்விடும்.

திருகாணியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் சாதாரண இரும்புத் திருகாணி ஓராண்டுகூட முழுதாக இருக்காது. 304 வகை எவர்சில்வரிலும் பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் கலந்த 316 வகையைப் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மெருகுக்கு அரக்கு கலந்த பிரெஞ்சு பாலீஷ் ஆகாது. 80 டிகிரியை நெருங்கும்போதே அரக்கு இளகிவிடும். லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாக உலர்ந்த பின் தேய்த்தால் போதும். ஆனால், எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது தானே சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றி எரியும். அதை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

நண்பகலுக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் என்பதால், பலகையை டிரம்முக்குக் கிழக்கே வையுங்கள். புகையும் அனலும் உங்களை விட்டு விலகிப் போகும். கரி போடும் வாய் பலகைக்கு அடியில் வந்துவிடக் கூடாது.

கேள்வி: பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு ஜன்னல் கதவுகள் எங்களிடம் இருக்கின்றன. இதேபோன்ற அடுப்புப் பலகைக்கு அவை ஆகுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: நன்றாக ஆகும். ஆண்டுக்கணக்கில் உலர்ந்த தேக்கு இனிமேல் பெரிதாக வளையாது. கவலையெல்லாம் பெயின்ட்டைப் பற்றித்தான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். மரத்தை நனைத்து, முகமூடி அணிந்து, குழந்தைகள் இல்லாத இடத்தில் சுரண்டி எடுங்கள். பிறகு ஆசாரியிடம் கொடுத்து இழைக்கச் சொல்லுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் அவருடைய இழைப்புளியின் வாய் போய்விடும். பெயின்ட் ஒட்டிய துண்டு மிஞ்சினால், அதை அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பலகையில் மீன் கவிச்சி போகவே மாட்டேன் என்கிறது.
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கல்லுப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சை மூடியால் நார்ப்போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். பச்சை மீனை நேராகப் பலகையில் வைக்காமல் எவர்சில்வர் தட்டில் வையுங்கள். வெந்ததற்கு வேறு தட்டு இருக்கட்டும். கழுவிய பலகையைப் படுக்கப் போடாமல், சுவரோரம் நிமிர்த்திக் காயவையுங்கள்.