சஸ்பென்ஷன் போல்ட்ட ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முறுக்கணுமா?

கேள்வி: ஆஃப்-ரோட் ட்ரக் வெச்சிருக்கேன், முன்னாடி சாலிட் ஆக்ஸில், பின்னாடி லீஃப் ஸ்ப்ரிங், வண்டிய ஒசத்துற ரெண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டிருக்கு. ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சதும் கீழ படுத்து எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு ஒரு இழு இழுத்துடுவேன். அப்படியும் முன்னாடி ட்ராக் பார் (ஆக்ஸில பக்கவாட்டுல நகராம பிடிக்குற கம்பி) போல்ட் மட்டும் லூஸ் ஆயிட்டே இருக்கு. இன்னும் டைட்டா முறுக்கலாமா, எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ செக் பண்ணணும்?

பதில்: இன்னும் டைட்டா முறுக்காதீங்க, அந்த "ஒரு இழு" பழக்கத்தையும் இன்னையோட விட்டுடுங்க. செக் பண்றதுன்னா பாக்குறது, முறுக்குறது இல்ல, நம்மள்ல நிறைய பேர் இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறோம்.

போல்ட் உள்ள என்ன வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். ட்ராக் பார் போல்ட் ஒரு ஆணி மாதிரி குறுக்க நின்னு லோட தாங்குதுன்னு நெனப்போம், அப்படி இல்ல. நட்ட முறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும், அது திரும்ப சுருங்கப் பாக்குற இழுப்புலதான் பார் மாட்டியிருக்குற பிராக்கெட்டோட ரெண்டு பக்கத் தகடும் ரப்பர் புஷ்ஷுக்குள்ள இருக்குற இரும்பு ஸ்லீவ நசுக்கிப் பிடிக்குது, லோட தாங்குறது அந்தப் பிடியில வர்ற உராய்வு. பிடி குறைஞ்சா ஸ்லீவ் பிராக்கெட்டுக்குள்ள பக்கவாட்டுல துளி நகர ஆரம்பிக்கும், அந்த நகர்வுதான் நட்ட கொஞ்சம் கொஞ்சமா கழட்டுது. இத 1969லயே கெர்ஹார்ட் யுங்கர்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் மெஷின் வெச்சு ஆட்டிக் காட்டிட்டாரு. அந்த மாதிரி டெஸ்ட்ல நாம நம்பிப் போடுற ஸ்ப்ரிங் வாஷர் பெருசா ஒண்ணும் தடுக்கல, அதனால அதுக்கு மேல இன்னொரு வாஷர் சேக்குறதுல பிரயோஜனம் இல்ல.

ட்ராக் பார்தான் ஆக்ஸில் இடம் வலம் போகாம பிடிச்சு வெச்சிருக்கு, ஸ்டியரிங் ஒவ்வொரு தடவ திரும்பும்போதும் லோட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாறும், அதனால பிடி போனா மொதல்ல காட்டிக்கொடுக்குறது இந்த போல்ட்தான். ஒரே போல்ட் திரும்பத் திரும்ப லூஸ் ஆகுதுன்னா கோளாறு போல்ட்ல இல்ல, அது பிடிச்சிருக்குற இடத்துல. ஒரு தடவ முழுசா கழட்டிப் பாருங்க. ஓட்டை வட்டமா இருக்கா இல்ல முட்டை வடிவத்துக்கு வந்துடுச்சா, வெர்னியர் வெச்சு குறுக்கயும் நெடுக்கயும் அளந்தா ரெண்டு அளவும் ஒண்ணா வரணும். வரலைன்னா புது போல்ட் போட்டாலும் நிக்காது, பிராக்கெட்ட மாத்தணும், இல்லாட்டி சரியான ஓட்டை போட்ட கெட்டித் தகட நல்ல வெல்டர் கிட்ட குடுத்து வெல்ட் பண்ணணும். லிஃப்ட் கிட் பிராக்கெட்டா இருந்தா ஸ்லீவ் வந்து உக்கார்ற எடத்துல பவுடர் கோட்டிங் தடிமனா இருக்கான்னு பாருங்க, அந்த பெயிண்ட் நாளாவட்டத்துல நசுங்கி வெளிய வந்துடும், அவ்வளவுதான், நீங்க முறுக்குன டென்ஷன் காலி. அந்த எடத்த மட்டும் இரும்பு வரைக்கும் சொரண்டிடுங்க. இன்னொண்ணு, பிராக்கெட்டுக்கும் ஸ்லீவுக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா முறுக்குற பலம் எல்லாம் தகட வளைக்கவே செலவாயிடும், ஸ்லீவ் வரைக்கும் போய்ச் சேராது. அப்புறம் போல்ட்டோட மரை பகுதி பிராக்கெட் ஓட்டைக்குள்ள உக்காந்திருந்தா அதுவே அரம் மாதிரி ஓட்டைய ராவிடும், அதனால மரை இல்லாத வழவழ பகுதி தகட்டத் தாண்டி வர்ற நீளத்துல போல்ட் வாங்குங்க.

செக் பண்ண எனக்குப் பிடிச்ச கருவி பெயிண்ட் மார்க்கர், டார்க் ரென்ச் (எவ்வளவு பலத்துல முறுக்கணும்னு செட் பண்ற ஸ்பேனர்) எல்லாம் அதுக்கு அப்புறம்தான். சேறு முழுக்க கழுவி காயவெச்சு, கம்பெனி சொன்ன டார்க்குக்கு, அதாவது முறுக்கு பலத்துக்கு, ஒரு தடவ ஒழுங்கா முறுக்கிட்டு, நட்டுல ஆரம்பிச்சு பிராக்கெட் வரைக்கும் ஒரே கோடு இழுங்க. போல்ட் தலைப்பக்கமும் ஒண்ணு இழுங்க, சில சமயம் நட்டும் போல்ட்டும் சேந்தே சுத்தும், ஒரு பக்கம் மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. அதுக்கப்புறம் ட்ரிப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் டார்ச் அடிச்சு ஒரு ரவுண்ட் பாத்தா போதும், கோடு ஒடைஞ்சிருந்தா நகர்ந்திருக்குன்னு அர்த்தம். கோடு ஒடையுறதுக்கு முன்னாடியே சொல்ற அடையாளமும் உண்டு: வாஷர் ஓரத்துல செம்பழுப்புப் பொடி, அதுல இருந்து வழிஞ்ச துருக் கோடு, புதுசா பளபளன்னு தேஞ்ச வளையம். சும்மா பிடிச்ச துருவுக்கும் இதுக்கும் வித்தியாசம் பாக்கணும், துரு மேல படிஞ்சு கெடக்கும், இது ரெண்டு இரும்பு உரசி வர்ற பொடி, விரல்ல ஒட்டும்.

கோடு ஒடைஞ்ச போல்ட்டுக்கு மட்டும் டார்க் ரென்ச் போடுங்க. கம்பெனி அளவு செட் பண்ணி டைட் பண்ற தெசையிலயே இழுங்க, தலைய வேற ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டு நட்ட மட்டும் சுத்துங்க, நகராம க்ளிக் ஆனா சரி. நகர்ந்துச்சுன்னா டைட் பண்ணி புதுக் கோடு போடுங்க, அடுத்த ட்ரிப்லயும் அதே கதைன்னா கழட்டிப் பாக்குற நேரம் வந்தாச்சு. மரைல ஆயில் தடவிட்டு காஞ்ச மரைக்கு சொன்ன டார்க்க வெக்காதீங்க, நீங்க போடுற பலத்துல கிட்டத்தட்ட பாதி நட்டுக்கு அடியில உராய்வுக்கும் 40 சதவீதம் மாதிரி மரை உராய்வுக்கும் போயிடும், போல்ட்ட இழுக்குறது மிச்சம் இருக்குற 10 சதவீதம்தான், உராய்வு கொஞ்சம் கொறஞ்சாலும் அந்த 10 எகிறிடும். தலையில 8.8னு பலத்தோட நம்பர் போட்ட போல்ட் 640 மெகாபாஸ்கல் வரைக்கும்தான் இழுத்தா திரும்ப சுருங்கும், தாண்டுனா நிரந்தரமா நீண்டுடும், உங்க "ஒரு இழு" மாசக்கணக்குல அதைத்தான் பண்ணும். சில போல்ட்டுக்கு கம்பெனியே டார்க்குக்கு அப்புறம் இத்தன டிகிரி திருப்புன்னு சொல்லியிருக்கும், அதுல நிறைய ஒரு தடவ போடுற போல்ட்தான், கழட்டுனா புதுசு, மேனுவல்ல பாத்துக்கோங்க.

ரப்பர் புஷ் இருக்குற எந்த போல்ட்டையும் வண்டி நாலு சக்கரத்துல நின்னு எடை எறங்குன பிறகுதான் கடைசியா டைட் பண்ணணும். ஆக்ஸில் தொங்கிட்டு இருக்கும்போது முறுக்குனா ரப்பர் அந்த நிலையிலயே ஒட்டிக்கும், வண்டி கீழ எறங்குனதும் எப்பவும் முறுக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். லிஃப்ட் கிட் போடும்போது பாதிப் பேர் கோட்ட விடுறது இங்கதான்.

லீஃப் ஸ்ப்ரிங்க ஆக்ஸிலோட சேத்துப் பிடிக்குற யூ-போல்ட்டுக்கு இதுலயும் கூடுதல் கவனம் வேணும். நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி முறுக்கணும், கழட்டுன யூ-போல்ட்ட திரும்பப் போடக் கூடாது. இது லூஸ் ஆனா லோட் எல்லாம் ஸ்ப்ரிங் தகடுகள நடுவுல கோக்குற சென்டர் போல்ட் மேல வரும், அது முறிஞ்சா ஆக்ஸில் பின்னாடி நகர்ந்து வண்டி கோணலாப் போகும். சந்தேகம் வந்தா அந்த லீஃப் ஸ்ப்ரிங்கோட முன்பக்கக் கண்ணுல (முனை வளையத்துல) இருக்குற போல்ட்டுல இருந்து ஆக்ஸில் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளங்க.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவன்னு கேட்டீங்க. எதையாவது புதுசா மாட்டுனா 100 கிலோமீட்டர்ல ஒண்ணு, 800 கிட்ட இன்னொண்ணு டார்க் செக், பார்ட்ஸ் உக்கார அவ்வளவு ஓடணும். அப்புறம் கோட்டப் பாக்குறது ட்ரிப்புக்கு ட்ரிப், டார்க் ரென்ச்சோட முழு ரவுண்ட் ஆயில் மாத்தும்போது. பால் ஜாயிண்ட்ல ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாம குறுக்க சொருகுற கம்பி) ஓட்டை நேரா வரலைன்னா நட்ட இன்னும் டைட் பண்ணித்தான் நேராக்கணும், பின்னாடி லூஸ் பண்ணக் கூடாது.

த்ரெட் லாக் (மரைல தடவுற பசை) போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. கம்பெனி சொன்ன எடத்துல நீல லாக்டைட் 243 போடலாம், கை ஸ்பேனர்லயே கழட்டலாம். செகப்பு 271 வேண்டாம், கழட்ட சூடு காட்டணும், பக்கத்துல இருக்குற ரப்பர் புஷ் கருகிடும். எப்படியும் இது ஓவல் ஆன ஓட்டைக்கு மருந்து இல்ல.

முக்கியமா, மேடு பள்ளத்துல ஏறி எறங்குனதும் ஸ்டியரிங் கையில நிக்காம உதறுதுன்னா அந்த ட்ராக் பார சரி பண்ற வரைக்கும் ரோட்டுல ஸ்பீடா ஓட்டாதீங்க. கீழ போறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கு கட்டை வெச்சு, தூக்குனா ஜாக்கிய மட்டும் நம்பாம ஸ்டாண்ட் போடுங்க, அப்பவும் நீளமான கைப்பிடி வெச்சு பலமா இழுக்குற வேலைய வண்டி தரையில இருக்கும்போதே முடிச்சுடுங்க. புது போல்ட்டுக்கு பழைய தலையில என்ன நம்பர் இருக்கோ அதே நம்பர் வாங்குங்க, 10.9 இருந்த எடத்துல பளபளன்னு இருக்குன்னு சாதா ஸ்டெயின்லெஸ் போட்டா அதோட பலம் அதுக்குப் பத்தாது.