கம்பியைத் தொடாமல் எடுத்தாலும் மின் திருட்டு வழக்கு வரும்

கேள்வி: 230 கேவி உயரழுத்த மின்லைன் போவதற்காக என் தோப்பில் 14 தென்னைகளை வெட்டினார்கள். கொடுத்த பணம் சொற்பம். லைனுக்கு நேர் கீழே பத்தடி உயரத்தில், இன்சுலேட்டர் வைத்து 300 அடி கம்பி கட்டினேன். அதில் தூண்டப்படும் மின்சாரத்தில் பேட்டரி ஏற்றி, மோட்டார் ரூமில் இரண்டு எல்இடி பல்பு எரித்தேன். லைனைத் தொடவே இல்லை. மின்வாரியத்தின் பறக்கும் படை வந்து விவசாய இணைப்பைத் துண்டித்து, மகஜர் (சோதனைக் குறிப்பு) எழுதிவிட்டது. காற்றில் வீணாகப் போவதை எடுப்பது திருட்டா?

பதில்: தொட்டீர்களா, வீணாகப் போனதா என்பதெல்லாம் இருக்கட்டும். வாரியம் அனுமதிக்காத செயற்கை வழி ஒன்று உங்கள் இடத்தில் இருந்ததா? இருந்தது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-ன்படி அது நிரூபணமானால், நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டும் சுமை உங்களுடையது. வெறும் கம்பிவேலியில் மின்சாரம் ஏறியிருந்தால் கதை வேறு. பேட்டரியும் பல்பும் மாட்டிய பிறகு அதைச் சொல்ல முடியாது. தூண்டல் என்பது 'இணைப்பு' ஆகாது என்று வாதிட இடம் உண்டு. ஆனால் ஜாமீனில் விட முடியாத குற்றத்தில், இரண்டு வாட் மின்சாரத்துக்காக அந்த வாதத்தை நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டாம். சமரசமாகப் போங்கள்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இதற்குப் பிறகுதான். கட்ட வேண்டியவை இரண்டு தொகைகள். எடுத்த மின்சாரத்துக்கு வாரியம் கணக்கிடும் இழப்பீட்டுத் தொகையைக் கட்டினால் 48 மணி நேரத்துக்குள் இணைப்பு திரும்ப வரும். ஆனால் போலீஸ் புகார் அதனால் தடைபடாது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்தது என்று இருப்பார்கள், சில மாதங்களில் சிறப்பு நீதிமன்ற சம்மன் வரும். குற்ற நடவடிக்கையை முடிப்பது பிரிவு 152-ன் சமரசத் தொகை மட்டுமே. தனி ரசீது கேட்டு வாங்குங்கள். ஒருவருக்கு ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. அடுத்த தடவை கிடையாது.

சமரசத் தொகை ஒரு கிலோவாட் அல்லது அதன் பகுதிக்கு விவசாயத்தில் 2,000 ரூபாய், கடை, தொழிற்சாலை தவிர்த்து வீடு உள்ளிட்ட மற்ற வகையில் 4,000 ரூபாய். ஆகவே மகஜரில் எத்தனை கிலோவாட் மின்பளு எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்கள் 5 எச்பி மோட்டாரையும் அதில் சேர்த்திருந்தால் தொகை பல மடங்காகும். மோட்டார் முறையான இணைப்பில் ஓடுகிறது, கம்பியில் ஓடியவை இரண்டு பல்புகளே என்று எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பேட்டரி வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எடுத்தீர்கள் என்று காட்டாவிட்டால், இழப்பீட்டுத் தொகையை 12 மாதத்துக்கு, கட்டணத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். இதற்காக சிவில் கோர்ட்டுக்கும் போகாதீர்கள், பிரிவு 127 மேல்முறையீட்டுக்கும் போகாதீர்கள். அந்த மேல்முறையீடு, அனுமதியற்ற பயன்பாட்டை மதிப்பிடும் பிரிவு 126 உத்தரவுக்கு உரியது.

அந்தக் கம்பியை நீங்களே அவிழ்க்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். இப்போது அதில் ஓடுவது ஏறத்தாழ ஒரு மில்லியாம்பியர், தொட்டால் சுரீரென்று உதறிவிடும். ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால், பிடித்த கையை விட முடியாத அளவை நெருங்கும். ஒரு முனை அறுந்து காற்றில் மேலே எழும்பினால், லைனைத் தொடாமலே அதன் மின்சாரம் கம்பியில் பாயும். யாராவது இறந்தால் அது மின் திருட்டோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ல் ஐந்து ஆண்டு வரை சிறை. வாரியத்துக்கு எழுதி, அவர்கள் ஆள் வந்து எர்த் செய்த பிறகே இறக்கச் சொல்லுங்கள்.

தென்னைக்கான கூடுதல் இழப்பீட்டை மாவட்ட நீதிபதியிடம் தனி மனுவாகக் கேளுங்கள். சமரச மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். வெட்டிய மரத்துக்கு ஈடாக எடுத்தேன் என்று நீங்கள் எழுதினால், நீதிமன்றம் அனுமானிக்கும் அந்த நோக்கத்தை நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.