யுஎஸ்பி சீரியல் மாட்யூல்: எந்தப் பின்னில் எத்தனை வோல்ட்?

கம்ப்யூட்டரின் யுஎஸ்பியையும் சிறு போர்டுகளின் சீரியல் பின்களையும் இணைக்கும் மாட்யூல் பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பரை 3.3-க்கு மாற்றிவிட்டேன். விசிசி பின்னில் 3.3 வோல்ட்தான் வருகிறது. ஆனால் டேட்டா அனுப்பும் டிஎக்ஸ் பின்னில் 5 வோல்ட் காட்டுகிறதே, மாட்யூல் பழுதா?

பழுதில்லை. விசிசி பின் வெளியே தரும் சப்ளை வேறு, சிக்னலின் லாஜிக் அளவு, அதாவது ஹையில் இருக்கும்போது வரும் வோல்ட், வேறு. சில போர்டுகளில் ஜம்பர் முதலாவதை மட்டும்தான் மாற்றும். இந்த மாட்யூல்கள் சிலவற்றில் இருக்கும் எஃப்டி232ஆர் சிப்பில் லாஜிக்கைத் தீர்மானிப்பது விசிசிஐஓ என்ற தனிப் பின். அதற்கு 1.8 முதல் 5.25 வோல்ட் வரை கொடுக்கலாம். ஜம்பர் அதனோடு சேர்ந்திருந்தால்தான் டிஎக்ஸ் அளவும் மாறும்.

தலைகீழாகவும் நடக்கும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிடிஎல்-232ஆர்-3வி3 என்ற யுஎஸ்பி சீரியல் கேபிளில் சிக்னல் 3.3 வோல்ட், ஆனால் சிவப்பு ஒயரில் வருவது 5 வோல்ட். பெயரை நம்பி அதை 3.3 வோல்ட் சென்சாருக்குச் சப்ளையாகக் கொடுத்தால் சென்சார் போய்விடும்.

அதனால் போர்டில் அச்சிட்டிருப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். மாட்யூலை யுஎஸ்பியில் மட்டும் செருகி, டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். டேட்டா ஓடாதபோது டிஎக்ஸ் ஹையில் நிற்கும். மீட்டர் காட்டுவதுதான் உங்கள் லாஜிக் வோல்டேஜ்.

கேள்வி: மாட்யூலின் 3.3 பின்னிலிருந்து இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பை ஓட்டுகிறேன். வைஃபை தொடங்கியதும் ரீசெட் ஆகிறது.

ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! எஃப்டி232ஆர் அந்தப் பின்னில் தருவது அதிகபட்சம் 50 மில்லிஆம்ப், சிபி2102 என்ற இன்னொரு யுஎஸ்பி சீரியல் சிப் தருவது 100. இஎஸ்பி32-க்கு 500 மில்லிஆம்ப் தாங்கும் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள். ரெகுலேட்டருக்கு யுஎஸ்பியிலிருந்தே 5 வோல்ட் எடுப்பதானால், யுஎஸ்பி 2.0 போர்ட்டின் மொத்த வரம்பே 500 மில்லிஆம்ப் என்பது நினைவிருக்கட்டும்.

கேள்வி: 5 வோல்ட் ஆர்டுயினோ ஊனோவுக்கு 3.3 வோல்ட் டிஎக்ஸ் போதுமா?

போதும். அதிலுள்ள ஏடிமெகா328பி சிப் தன் சப்ளை வோல்ட்டில் 60 சதவீதத்தை, அதாவது 3 வோல்ட்டை, ஹை என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் 0.3 வோல்ட்தான், ஒயரை நீளமாக இழுக்காதீர்கள். ஊனோவின் 5 வோல்ட் டிஎக்ஸை, மின்சாரம் இருக்கும் சிபி2102 தாங்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் பின்கள் தாங்காது. அங்கே தொடராக 1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டால் 5 வோல்ட் 3.3 ஆகிவிடும்.

கேள்வி: மாட்யூலோடு இணைத்த போர்டின் சப்ளையை எடுத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது. எப்படி?

மாட்யூலின் டிஎக்ஸ் வழியாகத்தான். அங்கிருந்து வரும் மின்னோட்டம் போர்டிலுள்ள சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியே சப்ளை லைனுக்குள் போகிறது. சிப் அரைகுறையாக ஓடும், சில நேரம் சிப்பின் அந்தப் பின் கெட்டுவிடும். சப்ளையை எடுக்கும்போது யுஎஸ்பியையும் எடுங்கள். முடியாவிட்டால் டிஎக்ஸ் லைனில் 1 கிலோ ஓம் தொடராகப் போடுங்கள். எல்இடி அணையாமல் போகலாம், ஆனால் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும்.

கேள்வி: பழைய மெஷினின் 9 பின் சீரியல் போர்ட்டில் நேராக இணைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது ஆர்எஸ்-232, மைனஸ் 15 வோல்ட் வரைகூட வரலாம். நடுவே வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 போன்ற சிப் வேண்டும்.

கேள்வி: சிஎச்340ஜி என்ற யுஎஸ்பி சீரியல் சிப்பை 3.3 வோல்ட்டில் ஓட்டலாமா?

ஓட்டலாம். அப்போது வி3 பின்னை விசிசியோடு சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓட்டினால் சேர்க்கக் கூடாது, வி3-இலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் போதும்.